நடை குறைச்சலான மியூசியம்

உக்காருங்கம்மா, அந்த சீட்டு காலிதான். நிக்காதீங்க, டிரைவர் பிரேக் போட்டான்னா கண்ணாடியில போய் முட்டிக்குவீங்க. என்ன வேணும்? டிரைவர்கிட்டயா? டிரைவர்கிட்ட எல்லாம் பேசக் கூடாதுங்க, எதுவா இருந்தாலும் எங்கிட்டத்தான். மேனேஜர் நான்தானே. துண்டுச்சீட்டு என்னது? வச்சிருங்க, பாக்கலாம், எங்க ஓடிப் போயிரப் போகுது. இன்னொரு கையில கற்பூரமா? காசிக்கு நாமக்கல்லுல இருந்தே கற்பூரம் தூக்கிட்டு வர்ற ஆளு இந்த பஸ்ஸுல நீங்க ஒருத்தர்தான்மா.

நேத்து ஹைதராபாத்ல சாப்பிடறப்ப நீங்கதானே கேட்டீங்க, "தம்பி, எப்பவும் இந்த வேலைதானுங்களா"ன்னு? அந்த நேரம் ரசம் ஊத்திட்டு இருந்தேன், பதில் சொல்ல முடியலை. ஆனா கேட்டது உள்ள போய் உக்காந்துக்கிச்சு.

இந்த வேலையா! அம்மா, நான் ஐரோப்பா மேனேஜருங்க. கழுத்துல தொங்குதே இந்த அட்டை, இதே மாதிரி அட்டைதான், ஆனா நீலக் கயிறு. ஒன்பது வருஷம், முப்பத்தோரு ட்ரிப்பு. பாரிஸ், சுவிஸ், ரோம்னு எங்க கம்பெனியில என்னைக் கேக்காம ஒரு பஸ் திரும்பாது. இப்பப் பாருங்க, நாக்பூர் தாண்டி எருமை குறுக்க வர்றதுக்கு ஹாரன் அடிக்கச் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். எல்லாம் ஒரு ஆளால. ஒரே ஒரு ஆளு. பட்டீஸ்வரன்னு பேரு. கோயமுத்தூர், கணபதிப் பக்கம்.

அந்தப் பக்கம் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி நெறைய இருக்குதுங்களா, அதுக்கு மரத்துல அச்சு செஞ்சு குடுக்கிற வேலை. எழுபது வயசு இருக்கும். சம்சாரம் பேரு மரகதம். அந்தம்மாவுக்கு முழங்கால் தேய்ஞ்சு போச்சு, படி ஏறுனா பத்து தடவை நிப்பாங்க. இந்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டாங்க. வயிறு எரியுதும்மா, சத்தியமா எரியுது.

என்னம்மா? சீட்டா? இருங்க, வரேன். கேளுங்க முதல்ல.

இத்தாலியில ஃப்ளாரன்ஸ்னு ஒரு ஊரு. எங்க ப்ரோகிராம்ல அந்த ஊருக்கு அரை நாள். அதுல ஒரு வரி, 'லியோனார்டோ மியூசியம், உள்ளே சென்று பார்த்தல்'. லியோனார்டோ டா வின்சின்னு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால இருந்தவர். சிரிக்கிறாளா இல்லையான்னே தெரியாம ஒரு பொம்பளை படம் இருக்குமே, எங்கியாவது பாத்திருப்பீங்க, அதை வரைஞ்சவர். வரையறதோட விடலை. பறக்கிற மிஷின், தண்ணி ஏத்தற மிஷின், பாலம், பீரங்கின்னு காயிதத்துல போட்டுத் தள்ளியிருக்கார். முக்காவாசி படத்தோட சரி, செஞ்சு பாத்ததில்லைம்பாங்க. அந்தப் படத்தைப் பாத்து இந்தக் காலத்து ஆளுக மரத்துல செஞ்சு வச்சு மியூசியம்னு டிக்கெட் போடறாங்க. அவர் பேருல அந்த ஒரே ஊருக்குள்ள ஒண்ணுக்கு மேல இருக்கு. எதுக்குப் போறதுங்கிறது மேனேஜர் இஷ்டம்.

எப்படி முடிவு பண்ணுவீங்கன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். மூணே விஷயந்தான். பஸ் இறக்கி விடற இடத்துல இருந்து எத்தனை நிமிஷ நடை. பாத்ரூம் உண்டா. புளியோதரை டப்பாவைத் தொறக்க இடம் இருக்கா. அந்த ஊர்ல சில தெருவுல நடைபாதையில உக்காந்து சாப்பிட்டா அபராதம் போடுவாங்கம்மா. நாப்பத்தோரு பேரு, காலையில அஞ்சு மணிக்கு சமையல்காரர் கட்டின புளியோதரை, வடாம், மோர் மிளகாய். இதை வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? நான் தேர்ந்தெடுத்து வச்சிருந்த மியூசியத்துல உள்ளேயே ஒரு முற்றம். சுத்தி நிழல். காவல்காரருக்கு முறுக்கு ஒரு பாக்கெட் குடுத்துட்டா, சாப்பிடறப்ப அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவார். ஒன்பது வருஷமா அந்த முற்றத்துலதான் என் க்ரூப்பு சாப்பிட்டுச்சு. ஒருத்தர் குறை சொன்னதில்லை.

மிஷினெல்லாம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் உள்ள சுத்திப் பாத்ததில்லை. வாசல்ல நின்னு தலையை எண்ணுவேன். எண்ணி உள்ள விட்டு, எண்ணி வெளிய எடுக்கிறதுதான் என் வேலை. எந்த மிஷினு எங்க இருந்தா எனக்கென்ன?

இதுல இந்தப் பட்டீஸ்வரன் என்ன பண்ணணும்? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். "தம்பி, எனக்கு இந்த மியூசியம் இல்லை, அந்த இன்னொண்ணு." அவ்வளவுதானே. சொல்லவே இல்லீங்க அந்த ஆளு.

சென்னை ஏர்போர்ட்ல ஒரு தடவை வந்தார். பிளாஸ்டிக் கவர்ல ஒரு போட்டோ வச்சுக்கிட்டு, "தம்பி, இந்த மியூசியத்துக்குத்தானுங்களே போறோம்"னார். நாப்பத்தோரு பாஸ்போர்ட் என் மடியில கிடக்குது. போட்டோ பாக்கிற நேரமா அது? "ஆமாங்கய்யா, அதேதான், போய் வரிசையில நில்லுங்க"ன்னேன். போய் நின்னார். அது சொன்னதாகுமா?

அப்புறம் சுவிஸ்ல, மலையில. பனியைப் பாத்து எல்லாரும் குதிச்சிட்டு இருக்காங்க. இவர் எம் பக்கத்துல வந்து, "நாங்க செய்யற அச்சு மண்ணுக்குள்ள போயிருமுங்க தம்பி. மண்ணுல அச்சு பதிஞ்சதும் வெளிய எடுத்துப் பரண்மேல போட்டுருவாங்க. உள்ள இரும்பு ஊத்துவாங்க, பம்பாகும், மோட்டாராகும். நாஞ் செஞ்ச மரத்தை யாரும் பாத்ததில்லை. ஒண்ணே ஒண்ணு மட்டுந்தான்..."ன்னு ஆரம்பிச்சார். கீழ போற ரயிலுக்கு ஆறு நிமிஷந்தான் இருக்கு. "அய்யா, தொழில் பேச்செல்லாம் பஸ்ஸுல வச்சுக்கலாம்"னுட்டேன். பஸ்ஸுல அந்தாக்ஷரி வச்சோம், அதுல அவர் பேசலை. பேசியிருக்கலாமில்ல?

பாருங்க, மரமெல்லாம் நெருக்கமா வருது. புலி இருக்கிற காடாம் இது. என்னம்மா எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, உக்காருங்க, பாலம் வருது, தூக்கிப் போடும்.

ஃப்ளாரன்ஸ் அன்னிக்குக் காலையில, ஓட்டல்ல பிரெட்டு சாப்பிடறப்ப மூணாவது தடவை வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பத்து நாளா பேன்ட்டுல இருந்த மனுசன் அன்னிக்குன்னு பாத்து வேட்டி கட்டியிருக்கார். அந்தம்மா பட்டுப்புடவை, தலையில பூ. பூ எங்க கிடைச்சுதுன்னு கேக்காதீங்க, ஓட்டல் மேசை ஜாடியில இருந்ததுதான். அவர் சொல்றார், "ஆளு உயரத்துக்கு ஒரு பல்சக்கரம் இருக்குதுங்க தம்பி. நூத்தி இருபது பல்லு. பல்லுப் பல்லா உப்புக்காயிதம் போட்டுத் தேச்சது இவதானுங்க." அந்தம்மா, "அய்ய, சும்மா இருங்க"ன்னு வெக்கப்படறாங்க. எனக்கு என்ன புரியும்? வீட்டுல எதோ செஞ்சு வச்சிருக்காங்க, அதைப் பேசறாங்கன்னு நெனச்சேன். "சந்தோஷமுங்கய்யா, எட்டரைக்கு பஸ்ஸு"ன்னேன். இப்படிச் சுத்தி வளைச்சுப் பேசினா யாருக்குங்க புரியும்? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை நேரா சொல்லியிருந்தா?

பஸ் இறங்கின இடத்துல நாந்தான் ரெண்டையும் சொன்னேன். நம்மகிட்ட ஒளிவு மறைவு கிடையாது. அவர் திரும்பவும் அந்தப் போட்டோவைத் தூக்கிட்டு வந்து, இது எந்தப் பக்கம்னு கேட்டதும், சரி, எல்லாருக்கும் பொதுவா சொல்லிருவோம்னு கையைத் தட்டிக் கூப்பிட்டேன். "இங்க ரெண்டு மியூசியம் இருக்கு. ஒண்ணு, ஆறு நிமிஷ நடை. முற்றம் இருக்கு, நிழல் இருக்கு, பாத்ரூம் இருக்கு, போனவுடனே சாப்பாடு. இன்னொண்ணு, கல்லுத் தெருவுல இருபத்தஞ்சு நிமிஷ நடை. உள்ள மரச்சாமானு. சாப்பாடு எங்கன்னு சொல்ல முடியாது. எது வேணும், கையைத் தூக்குங்க." நியாயமாத்தானே கேட்டேன்? முப்பத்தொன்பது கை தூக்குச்சு. இவங்க ரெண்டு பேரும் தூக்கலை. அந்தம்மா ஏதோ சொல்ல வந்தாங்க, அவர் அவங்க கையைப் புடிச்சு அமுத்திட்டார். அப்ப அது சம்மதந்தானே?

உள்ள போனதுக்கப்புறந்தான் கூத்து. எல்லாரும் அந்தப் பறக்கிற மிஷின் ரெக்கை முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டு நேரா முற்றத்துக்கு வந்துட்டாங்க. இவரை மட்டும் காணோம். போய்ப் பாத்தா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு மிஷினுக்கும் அடியில குனிஞ்சு, தலையை உள்ள விட்டுப் பாத்துட்டு இருக்கார். ஒண்ணு விடாம. காவல்காரர் கத்தறார். நான் ஓடிப் போய்த் தோளைப் புடிச்சுத் தூக்கினா, முகமெல்லாம் வேர்த்து, "இது இல்லீங்க தம்பி, இங்க இல்லீங்க"ங்கறார். அடியில என்னய்யா தேடறீங்கன்னேன். அவரு செஞ்சதுல எல்லாம் அடியில ஒரு ஓரமா மூக்குத்தி அளவுக்கு மூணு புள்ளி செதுக்குவாராம். அதைத் தேடறாராம்.

அப்பத்தான் முழுக்கதையும் வெளிய வருது. பம்பு வாங்க வந்த ஒரு இத்தாலிக்காரர் இவர் செஞ்ச அச்சைப் பாத்து அசந்து போய், ஃப்ளாரன்ஸ்ல இருக்கிற மியூசியத்துக்குச் செஞ்சு தர முடியுமான்னு கேட்டிருக்கார். இவரும் படத்தைப் பாத்துப் பாத்து, ஒன்றரை வருஷம், ஒன்பது மிஷின் செஞ்சு கப்பல்ல அனுப்பியிருக்கார். அந்த ஆளு உயரச் சக்கரம் அதுல ஒண்ணு. அனுப்பினதோட சரி, அங்க அது நிக்கறதைக் கண்ணால பாத்ததில்லை. அதுக்காகவே இந்த டூர்ல வந்திருக்கார்.

நான் என்ன பண்ணட்டும்? மணி ஒண்ணே கால். ரெண்டரைக்கு பஸ். "நீங்க சாப்பிடுங்க தம்பி, நாங்க ரெண்டு பேரும் மெதுவா நடந்து போய்ட்டு வந்துடறோம். வழி மட்டும் சொல்லுங்க"ன்னார். மெதுவாவா? அந்தம்மா காலுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாகும். கம்பெனி ரூல் இருக்குங்க, யாரையும் தனியா விடக் கூடாது. டாக்ஸியில போகட்டுமான்னு கேட்டார். தொலைஞ்சு போனா யாரு பதில் சொல்றதுன்னேன். அவரையாவது விடுங்கன்னு அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதுக்கு அவர் சொல்றார், "நான் பாத்து என்ன பண்ண? செஞ்சவன் நானு, எனக்குத் தெரியாதா. நாப்பத்தஞ்சு வருஷமா இவ மரத்தூள் கூட்டி அள்ளினா. அது என்னவாச்சுன்னு இவளுக்கு ஒரு தடவை காட்டணுங்க." பேச்செல்லாம் நல்லாத்தான் பேசினார். நான் ரெண்டு பேருக்கும் புளியோதரை டப்பாவைக் கையில குடுத்து எம் பக்கத்துலயே உக்கார வச்சேன். அவர் தொறக்கலை. அந்தம்மா தொறந்து, ரெண்டு வாய் சாப்பிட்டு மூடிட்டாங்க.

பஸ்ஸுல ஏறி எண்ணிட்டு இருக்கேன், அவர் போன் அடிக்குது. ஏதோ வெளிநாட்டு நம்பர். "தம்பி, நீங்க கொஞ்சம் பேசுங்க, எனக்கு பாஷை வராது"ன்னு நீட்டறார். இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ எண்ணியிருக்கேன், விட்டா திரும்ப ஒண்ணுல இருந்து. போனைக் கட் பண்ணி அவர் கையிலேயே குடுத்துட்டேன். மறுபடி அடிச்சுது. மறுபடி கட் பண்ணினேன். அப்புறம் அடிக்கலை.

ஊருக்கு வந்து நாலாம் நாள் எம்.டி. கூப்பிட்டார். அந்த மியூசியத்துக்காரங்க கம்பெனிக்கு மெயில் போட்டிருக்காங்க. இவர் மகன் முன்கூட்டியே அவங்களுக்கு எழுதி, இந்தத் தேதி இந்த கம்பெனியோட வர்றாங்கன்னு சொல்லி வச்சிருக்கான். எம்.டி. வாசிச்சுக் காட்டறார். காலையில இருந்து காத்திருந்தாங்களாம். சக்கரத்தைச் சுத்தி இருந்த கயித்தை அவுத்து வச்சிருந்தாங்களாம், அவர் கையால சுத்தட்டும்னு. வீட்டம்மாவுக்கு முழங்கால் வலின்னு கேள்விப்பட்டு பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தாங்களாம். சாயங்காலம் மூடற வரைக்கும் வாசல்ல ஒரு ஆளை நிறுத்தியிருந்தாங்களாம். நாற்காலி போட்டாங்களாம் நாற்காலி! யாருங்க போடச் சொன்னது?

எம்.டி. உடனே பட்டீஸ்வரனுக்கு போன் போட்டு, நானும் கேக்கணும்னு ஸ்பீக்கர்ல வச்சார். சரி, இந்த ஆளு கத்துவான், நாலு வார்த்தை திட்டுவான், நான் ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சு போயிரும்னு நெனச்சேன். அவர் என்ன சொன்னார் தெரியுங்களா? "தம்பி மேல குத்தமில்லீங்க. நாப்பது பேரு பசியில இருந்தாங்க. எங்க ரெண்டு பேருக்காக அத்தனை பேரை நடக்க வைக்க முடியுங்களா? நல்லபடியா ஊரு கொண்டாந்து சேத்துனாருங்க." எம்.டி. போனை வச்சார். கழுத்து அட்டையைக் கழட்டுங்கன்னார். பாருங்க எப்படிப்பட்ட சாமர்த்தியம்னு! திட்டியிருந்தா நான் பொழச்சிருப்பேன். நல்லவனாட்டம் பேசியே என் கயித்தை அறுத்துட்டான்.

நான் சும்மா விடலை. கணபதிக்குப் போனேன். மியூசியம் காட்டினாங்க, எனக்கு எந்தக் குறையும் இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதித் தாங்கன்னு கேட்டேன். கேட்ட உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரே! அதுலயே தெரியலையா தப்பு யாரு மேலன்னு? எம்.டி. அதையும் படிச்சுட்டு ஓரமா வச்சுட்டார், அது வேற விஷயம்.

அந்தம்மா காப்பி கொண்டாந்து குடுத்தாங்க. சுவர்ல அந்தப் போட்டோ மாட்டியிருந்துது, அதே பிளாஸ்டிக் கவரோட. அப்பத்தான் அதை நான் பாக்கறேன். பெரிய சக்கரம், அது பக்கத்துல அந்தம்மா, தலையெல்லாம் மரத்தூள், கையில உப்புக்காயிதம், சிரிச்சுக்கிட்டு. மியூசியத்துக்காரங்களே அச்சடிச்சு அனுப்பினதாம், கீழ அவங்க பேரு பெரிய எழுத்துல இருக்கு. படிக்கத் தெரிஞ்ச யாரும் படிச்சிருக்கலாம். எனக்கு ஒரு நிமிஷம் ஒரு மாதிரி ஆயிருச்சும்மா. டம்ளரைக் கீழ வச்சுட்டேன். "திரும்ப ஒரு தடவை போய்ட்டு வாங்களேம்மா"ன்னேன். "இந்தக் காலை வச்சுக்கிட்டு இனி எங்கீங்க தம்பி போறது"ன்னுட்டு டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சொல்லியிருக்கணுமில்ல? எத்தனை நாள் என் கூடவே வந்தாங்க! இன்னொரு பாலம், புடிச்சுக்குங்க. ஆ, அவ்வளவுதான். ஓரத்துல பாத்தீங்களா, செந்தூரம் பூசி ஒரு அனுமார் கல்லு, காட்டுக்குள்ள தன்னந்தனியா நிக்குது. என்னம்மா, ஏன் கண்ணாடியைத் தட்டறீங்க? இருங்க, முடிச்சிடறேன். இதுல உங்களுக்கே ஒரு நியாயம் தெரியும். மனுசன்னா மனசுல இருக்கறதைக் கேட்டு வாங்கிக்கணும். அடுத்தவன் நெஞ்சுக்குள்ள பூந்து பாக்கறதுக்கா என்னை வேலைக்கு வச்சிருக்காங்க? எதுக்கும்மா கண்ணு கலங்கறீங்க? என் கதை அப்படித்தான், கேக்கறவங்களுக்கே தாங்காது.

சரி, குடுங்க அந்தச் சீட்டை. நீங்களும் வந்ததுல இருந்து கையிலயே புடிச்சிட்டு இருக்கீங்க. என்ன எழுத்து இது, கோழி கிண்டின மாதிரி. யாரு எழுதினது? லாரி கிளீனரா? 'நாக்பூர் தாண்டி, சியோனி வர்றதுக்கு முன்னால, காட்டு ரோடு. ரெண்டாவது பாலம். ஓரத்துல அனுமார் கல்லு. லாரி கவுந்த இடம்.'

யாரு லாரிம்மா? உங்க வீட்டுக்காரரா? எத்தனை வருஷமாச்சு? ஒன்பதா? அப்ப நீங்க காசிக்குன்னு வரலையா? அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, கற்பூரம் ஏத்தறதுக்கா?

டிரைவரண்ணே, அந்தப் பாலம்... தாண்டிருச்சா? எவ்வளவு தூரம்? ரெண்டு கிலோமீட்டரா? திரும்ப முடியாதுங்களேம்மா, நடுவுல தடுப்பு போட்ட ரோடு. மதியச் சாப்பாடு ஜபல்பூர்ல சொல்லி வச்சிருக்கு, அம்பது பேரு பசியில இருக்காங்க. வர்றப்பவும் இந்த வழி இல்லீங்க, பூரி பாத்துட்டு ஒடிசா வழியாத்தான் வர்றோம்.

என்னம்மா நீங்க. இவ்வளவு நேரம் எம் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தச் சொல்ல மாட்டேனா?